கார்டை மாற்றும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நானும் என் தம்பியும் மாமல்லபுரத்தை அடுத்த தேவநேரியில் சின்ன ஸ்டூடியோ நடத்துகிறோம். ஈ.சி.ஆர். ரிசார்ட்டுகளில் நடக்கும் கல்யாணங்களின் வீடியோவை நான் எடிட் செய்கிறேன். தம்பி சிற்பக் கல்லூரியில் படித்தவன். சிலைகளுக்குக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாதிரி செய்து, கல் செதுக்கும் சிஎன்சி மெஷின்காரர்களுக்குக் கொடுக்கிறான். இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர்தான். அதில் ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி கார்டு இருக்கிறது. வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. புதுக் கேமரா வாங்கியதிலிருந்து டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, காலையில் மெஷினைப் போட்டதும் திரையில் வண்ணக் கட்டங்களும் கோடுகளும் வருகின்றன. கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகின்றன. ரெண்டர் போட்டபோது இரண்டு முறை தானாகவே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது. சர்வீஸுக்கு வந்தவர், "இது கேம் விளையாடுகிற கார்டு, தொழிலுக்குத் தாங்காது. ஒர்க்ஸ்டேஷன் கார்டு, ஆர்டிஎக்ஸ் ஏ2000 போடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் மொத்தமாகப் போய்விடும்" என்கிறார். அரை லட்சத்துக்கு மேல் ஆகுமாம். தை முகூர்த்தங்களுக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டோம். அம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிவிடலாமா? கார்டு போனால் அதிலிருக்கும் வீடியோவும் போய்விடுமா? பயத்தில் தூக்கமே வரவில்லை.

— ச.ம., தேவநேரி

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் நிம்மதியாக இருங்கள். கார்டு போனாலும் வீடியோ போகாது. கிராஃபிக்ஸ் கார்டில் எதுவும் சேமிக்கப்படுவதில்லை. அதிலுள்ள 12 ஜிபி நினைவகம் வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் மேசை போன்றது. மின்சாரம் நின்றதும் காலியாகிவிடும். உங்கள் ஃபுட்டேஜ் எல்லாம் ஹார்ட்டிஸ்கில் இருக்கிறது.

வளையலை இப்போது அடகு வைக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று தொல்லைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கின்றன என்றே உங்கள் கடிதம் எனக்குச் சொல்கிறது. ஏ2000 கார்டு அவற்றில் ஒன்றையும் உறுதியாகத் தீர்க்காது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கையிலிருக்கும் கல்யாண ஃபுட்டேஜ் முழுவதையும் இரண்டு தனித்தனி ஹார்ட்டிஸ்கில் நகல் எடுங்கள். ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, மற்றதைச் செங்கல்பட்டு பக்கம் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. கரையோரம் தொழில் செய்பவர் ஒரே அறையில் எல்லா நகலையும் வைத்திருக்கக் கூடாது. மெஷின் போனால் வேறு வாங்கலாம். தாலி கட்டும் காட்சியை மறுபடி எடுக்க முடியாது.

இனி தொல்லைகளுக்கு வருவோம். டைம்லைன் திக்குவது புதுக் கேமரா வந்த பிறகுதான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் விடை இருக்கிறது. இன்றைய கேமராக்கள் பல 10 பிட், 4:2:2 என்ற முறையில் பதிவு செய்கின்றன. 10 பிட் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 1,024 படிகள். பழைய 8 பிட்டில் 256 படிகள்தான். 4:2:2 என்பது நிறத் தகவலை எவ்வளவு நெருக்கமாகப் பதிவது என்ற கணக்கு. வழக்கமான 4:2:0 முறையில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறத் தகவல் பதிவாகும். 4:2:2 முறையில் இரண்டு புள்ளிகளுக்கு ஒன்று. படத்துக்கு நல்லதுதான். ஆனால் இறுக்கிச் சுருக்கப்பட்ட இந்தக் கோப்பை, ஓட ஓட விரித்துக் காட்ட ஒரு தனிப் பகுதி வேண்டும். அதற்கு டிகோடர் (சுருக்கிய வீடியோவை விரித்துத் தரும் சுற்று) என்று பெயர். உங்கள் 3060 கார்டின் டிகோடருக்கு 4:2:0 தெரியும், 4:2:2 தெரியாது. அதனால் அந்தச் சுமை முழுவதும் பிராசசர் தலையில் விழுகிறது, அது மூச்சு வாங்குகிறது.

இதை நீங்களே சோதிக்கலாம். செல்போனில் எடுத்த ஒரு 4கே வீடியோவை டைம்லைனில் ஓட்டுங்கள். பிறகு கேமரா கிளிப்பை ஓட்டுங்கள். இரண்டு முறையும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கிராஃபிக்ஸ் கார்டுக்கான பக்கத்தில் 'வீடியோ டிகோட்' என்ற வரைகோட்டைக் கவனியுங்கள். செல்போன் கிளிப்பில் அது மேலேறி, கேமரா கிளிப்பில் தரையிலேயே படுத்துக்கொண்டு பிராசசர் மட்டும் முக்கினால், நான் சொன்னதுதான் காரணம்.

சர்வீஸ்காரர் சொன்ன ஏ2000 கார்டும் உங்கள் 3060-ம் ஒரே ஆம்பியர் தலைமுறை. அதுமட்டுமல்ல, இரண்டிலும் இருப்பது ஒரே ஜிஏ106 சில்லு. டிகோடரும் அதேதான். கணக்குப் போடும் உள்அலகுகள் உங்கள் கார்டில் 3,584, ஏ2000-இல் 3,328. ஆகவே அரை லட்சத்துக்கு மேல் கொடுத்து அதை மாட்டினாலும் டைம்லைன் இப்படியேதான் திக்கும். ரெண்டர் கொஞ்சம் மெதுவாகக்கூட ஆகலாம். அவர் உங்களை ஏமாற்றப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. 'தொழில்முறை' என்ற பட்டம் இருந்தால் எல்லாவற்றிலும் மேல் என்ற நம்பிக்கை இந்தத் தொழிலில் பரவலாக இருக்கிறது.

செலவில்லாத தீர்வுகள் இரண்டு. பிரீமியர், டாவின்சி ரிசால்வ் இரண்டிலும் பிராக்சி (எடிட்டிங்குக்காக மட்டும் செய்துகொள்ளும் இலேசான நகல்) என்ற வசதி உண்டு. இரவு தூங்கப் போகும்முன் பிராக்சி உருவாக்கப் போட்டுவிடுங்கள். காலையில் நகலை வைத்து வெட்டி ஒட்டி வேலை செய்யலாம். கடைசி ரெண்டர் அசல் ஃபுட்டேஜிலிருந்து வரும், தரம் குறையாது. அல்லது கேமரா மெனுவில் எச்.265, 10 பிட், 4:2:0 என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பச்சைத் திரை வைத்துப் பின்னணி மாற்றும் வேலை இல்லாத கல்யாண வீடியோவுக்கு அதுவே தாராளம். பட்டுப்புடவையின் சாயலும் மாலை வெயிலின் நிறமும் கலர் கிரேடிங்கில் கெடாமல் இருக்க 10 பிட்தான் முக்கியம். அது அதில் அப்படியே இருக்கிறது.

இன்னொரு வழியும் இருக்கலாம். உங்கள் பிராசசர் இன்டெல் பதினோராம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ என்றால், அதனுள்ளேயே இருக்கும் சிறு கிராஃபிக்ஸ் பகுதிக்கு எச்.265 வகை 4:2:2-ஐ விரிக்கத் தெரியும். பிராசசர் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து இருந்தால் அந்தப் பகுதி கிடையாது. அந்த எழுத்து இல்லையென்றால், பயாஸில் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரையில்) அந்தப் பகுதியை இயக்கிவிடச் சொல்லுங்கள். தனிக் கார்டு போட்டதும் பல மெஷின்களில் அது அணைந்து கிடக்கும்.

காலையில் வந்து மறையும் கட்டங்களைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். இது கரையோரத்துக்கே உரிய நோய்.

கடலில் அலை உடையும்போது குமிழ்கள் வெடித்து நுண்துளிகள் காற்றில் ஏறுகின்றன. நீர் வற்றினாலும் உப்பு காற்றிலேயே மிதந்து வரும். கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் இதன் படிவு மிக அதிகம். உள்ளே போகப் போகச் சட்டென்று குறைந்துவிடும். கம்ப்யூட்டருக்குள் சுழலும் விசிறிகள் நாள் முழுவதும் இந்தக் காற்றைத்தான் இழுத்துக் கார்டின் மேல் வீசுகின்றன. உப்பு உலர்ந்து கிடக்கும்வரை பெரிய கெடுதல் இல்லை. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை உறிஞ்சிக் கசிய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அது 33 சதவீதத்திலேயே ஈரம் வாங்கும். உங்கள் கரையில் விடியற்காலை ஈரப்பதம் 75-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். கார்டில் ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்கு இடைவெளியில் ஆயிரக்கணக்கான இணைப்புகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே உப்பு ஈரம் நின்றால், போகக்கூடாத பாதையில் மின்சாரம் கசியும். நாளடைவில் செம்பில் பச்சைக் களிம்பு ஏறும். அலுமினியத் தகடுகளில் வெள்ளைப் பொடி பூக்கும். உலோகம் கரைந்து நூல்போல் வளர்ந்து இரண்டு இணைப்புகளைச் சேர்த்துவிடுவதும் உண்டு.

மெஷின் சூடானதும் ஈரம் காய்கிறது, கட்டங்கள் மறைகின்றன. இன்னொரு காரணமும் இருக்கலாம், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சில்லுக்கு அடியிலுள்ள ஈயப் பற்றில் நுண்விரிசல் விட்டிருந்தாலும், சூட்டில் விரிந்து தொட்டுக்கொண்டு சரியானதுபோல் தோன்றும். எது என்று பிரித்தறியச் சுத்தம் செய்துதான் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன் ஒரு சுலபமான சோதனை. கட்டங்கள் தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைச் செல்போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அந்தப் படத்தில் கட்டங்கள் இல்லை, மானிட்டரில் மட்டும் தெரிகின்றன என்றால், பழுது பெரும்பாலும் கேபிளிலோ மானிட்டரிலோ இருக்கிறது. கேபிள் முனையில் களிம்பு ஏறியிருந்தாலும் இப்படி வரும். புதுக் கேபிள் சில நூறு ரூபாய்தான். படத்திலும் கட்டங்கள் இருந்தால் கார்டையோ அதன் டிரைவரையோ சந்தேகிக்கலாம். என்விடியா தரும் 'ஸ்டூடியோ' டிரைவரைச் சுத்தமாக மறுபடி நிறுவுங்கள். எடிட்டிங் வேலைக்கென்றே வருவது அது.

சுத்தம் செய்யும்போது ஸ்விட்சை அணைத்து, பவர் வயரைக் கழற்றி, மெஷினின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். பிளோயர் அடிக்கும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் போய்விடும். காற்று தூசியைத்தான் நீக்கும், உப்பை நீக்காது. உப்புப் படிவைக் கரைத்தெடுக்கும் வேலையைப் பலகை பழுது பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றி, எலெக்ட்ரானிக்ஸுக்கான முறையில் கழுவி, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்து, முழுக்க உலர்த்தி, புதுத் தெர்மல் பேஸ்ட் போட்டுத் தருவார். வாரண்டி மிச்சமிருந்தால் கழற்றும் முன் அதன் விதிகளைப் படியுங்கள். கை கழுவும் சானிடைசரை மட்டும் யாரும் தொடக்கூட வேண்டாம். அதில் தண்ணீரும் பிசுபிசுப்பும் இருக்கிறது. கார்டின் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அந்தத் தங்கப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஒவ்வொரு தேய்ப்பிலும் அது உரிந்து, அடியிலுள்ள உலோகம் கடற்காற்றுக்கு அம்மணமாக நிற்கும். பஞ்சில் ஆல்கஹால் தொட்டு இலேசாகத் துடைத்தால் போதும்.

சுத்தம் செய்துவிட்டு அதே அறையில் அதே ஜன்னலோரம் வைத்தால், அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இதே கடிதத்தை எழுதுவீர்கள். கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். பல்லவர் கட்டிய கருங்கல்லையே இந்த உப்புக்காற்று அரித்திருக்கிறது. தொல்லியல் துறை அலையைத் தடுக்கப் பாறைகளை அடுக்கி, காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்களை வளர்த்து, கல்லின் மேல் காகிதக் கூழை அப்பி உள்ளே ஊறிய உப்பை இழுத்தெடுத்து அதைக் காத்துவருகிறது. உங்களுக்குத் தெற்கே கல்பாக்கத்தில், 1971-இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையத்தில், அரிமானத்தை (உலோகம் அரித்துப்போவதை) ஆராயவே தனிப் பிரிவு இருக்கிறது. இந்தக் காற்றைப் பெரிய நிறுவனங்களே இவ்வளவு பொருட்படுத்தும்போது, ஒரு கார்டு தாக்குப்பிடிக்கவில்லை என்று அதைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. தொழில்முறைக் கார்டிலும் இருப்பது அதே செம்பு, அதே ஈயம்.

ஆகவே மெஷினைக் கடலைப் பார்த்த அறையிலிருந்து வீட்டின் உள்அறைக்கு மாற்றுங்கள். ஜன்னல் இடுக்குகளை அடையுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கும். வாங்கி மெஷின் பக்கத்தில் வைத்து, 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏ.சி. ஈரத்தை எடுக்கும், ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உங்கள் கரைக் காற்றின் பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) ஆண்டில் பல மாதம் 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அறையை 20-க்குக் குளிரவைத்து, வேலை முடிந்ததும் அணைத்து ஜன்னலைத் திறந்தால், குளிர்ந்த உலோகத்தின் மேலெல்லாம் வெளிக்காற்று வியர்த்துவிடும். 26-இல் வையுங்கள். அணைத்தபின் உடனே ஜன்னலைத் திறக்காதீர்கள். மழைக்காலத்தில் மெஷினை நாள்கணக்கில் அணைத்தே போடவும் வேண்டாம். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும். மர அலமாரிக்குள் வைத்து மூடினால் உப்பு குறையும், சூடு கொன்றுவிடும்.

ரெண்டரில் தானாக ரீஸ்டார்ட் ஆவதற்கு மின்சாரத்தைத்தான் முதலில் சந்தேகிப்பேன். உங்கள் கார்டு 170 வாட் வரை இழுக்கும். பிராசசரும் மற்றவையும் சேர்ந்தால் ரெண்டரில் 350, 400 வாட் சாதாரணமாகப் போகும். கடைகளில் மெஷினோடு சேர்த்துக் கொடுக்கும் 600 விஏ யு.பி.எஸ். தருவது வழக்கமாக 360 வாட்தான். மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்து யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறும்போது சுமை தாங்காமல் விழுந்துவிடும். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் அந்த நேரத்துக்கு 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு மட்டும் இருந்து, நீலத்திரைப் பிழை எதுவும் இல்லையென்றால், மின்சாரம் சட்டென்று அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 1,100 விஏ அளவில், சைன் வேவ் தரும் யு.பி.எஸ். வாங்குங்கள். உங்களுக்குப் பெரிய செலவு என்று இப்போது நான் சொல்வது இது ஒன்றைத்தான். எஸ்.எம்.பி.எஸ்.-க்கு (மெஷினுக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) பதிலாக வேறொன்றை மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்குள்ளும் உப்பு போயிருக்கும். அதை மட்டும் நீங்களோ தம்பியோ திறக்காதீர்கள், வயரைக் கழற்றிய பிறகும் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். மெஷின் பெட்டியைத் தொட்டால் விறுவிறுக்கிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை. மணல் பூமியில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீசியனை அழைத்து அளக்கச் சொல்லுங்கள்.

தொழில்முறைக் கார்டு யாருக்குத்தான் வேண்டும் என்று கேட்பீர்கள். என்விடியா 2020 வரை குவாட்ரோ என்ற பெயரில் விற்றது, இப்போது ஆர்டிஎக்ஸ் ஏ வரிசை, ஆர்டிஎக்ஸ் புரோ என்று வருவது, ஏஎம்டியின் ரேடியான் புரோ, எல்லாம் இந்த வகை. ஈசிசி (நினைவகத்தில் நேரும் பிழையைத் தானே கண்டு திருத்தும் வசதி) பலவற்றில் உண்டு. சாலிட்வொர்க்ஸ், கேட்டியா போன்ற பொறியியல் மென்பொருள்களைத் தயாரிக்கும் நிறுவனங்கள் சோதித்துச் சான்றளித்த டிரைவர் கிடைக்கும். ஒரகடத்திலோ மகிந்திரா வேர்ல்டு சிட்டியிலோ கார் உதிரிபாகம் வடிவமைப்பவர், மென்பொருளில் கோளாறு என்று புகார் செய்தால், சான்று பெற்ற கார்டுதானா என்றுதான் முதலில் கேட்பார்கள். அவருக்கு அந்தப் பணம் நியாயமான செலவு. சின்னப் பெட்டிக்குள் அடங்க வேண்டும், மின்சாரம் குறைவாக எடுக்க வேண்டும் என்பவர்களுக்கும் இவை உதவும்: ஏ2000 எடுப்பது 70 வாட்தான், தனிப் பவர் வயர்கூட வேண்டாம். அதில் எச்.டி.எம்.ஐ. துளை கிடையாது, நான்கும் மினி டிஸ்ப்ளே போர்ட். வாங்கினால் மாற்றி ஒன்றும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கும். வண்ணத்துக்காகத் தொழில்முறைக் கார்டு வேண்டும் என்பது பழைய பேச்சு. போட்டோஷாப்பில் 10 பிட் நிறத்தைச் சாதாரணக் கார்டுகளுக்கும் என்விடியா 2019-லேயே திறந்துவிட்டது.

உங்கள் தம்பி இசட்பிரஷில் சிலை வடிக்கிறாரென்றால், அது கிராஃபிக்ஸ் கார்டை அதிகம் நம்புவதில்லை. பிராசசரும் ரேமும்தான் அதற்கு முக்கியம். சிஎன்சி உளி போகும் பாதையைக் கணக்கிடுவதும் பெரும்பாலும் பிராசசர் வேலையே. பிளெண்டரில் ரெண்டர் போடும்போது கார்டு வேண்டும். அங்கே 12 ஜிபி நல்ல அளவு. அவருக்குச் செலவு செய்வதானால் ரேமைக் கூட்டுங்கள்.

கழுவி உலர்த்திய பிறகும் கட்டங்கள் வந்தால், ஈயப் பற்று விட்டிருக்கக்கூடும்; கார்டை மாற்றத்தான் வேண்டும். கார்டைச் சூடாக்கி ஒட்டவைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அது சில வாரம்கூடத் தாங்காமல் முகூர்த்த நாளில் கைவிட்டுவிடும். அப்போதும் ஏ2000 வேண்டாம். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 4:2:2 விரிக்கும் டிகோடர் சேர்ந்திருக்கிறது. அதில் 5060 டிஐ, 16 ஜிபி உங்கள் இருவர் வேலைக்கும் பொருந்தும். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது, பில்லில் எண்ணைச் சரிபாருங்கள். ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். துருவும் ஈரச் சேதமும் வாரண்டியில் அடங்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், பெரும்பாலும் அடங்காது. கார்டை மாட்டுவதற்குமுன் அறை மாறியிருக்க வேண்டும், ஈரப்பதமானி 60-க்குக் கீழ் காட்ட வேண்டும்.

தைக்கு இன்னும் நாள் இருக்கிறது. கேபிள், ஸ்கிரீன்ஷாட், டிகோட் வரைகோடு ஆகிய மூன்று சோதனைகளையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். முடிவுகளோடு கார்டின் பின்புறத்தையும் பற்களையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். பிராசசர் எண்ணையும் யு.பி.எஸ்.-இன் மேல் எழுதியிருக்கும் வாட் அளவையும் சேர்த்து எழுதுங்கள். பார்த்துப் பதில் எழுதுகிறேன்.